பிரதமருக்கு நூறு சைஸ்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். டெல்லியில் புது ஆட்சி வந்திருக்கிறது, சங்கத்தின் சார்பில் மனு தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "மேடம், எத்தன கோரிக்க வரைக்கும் போடலாமுங்க?" என்று கேட்டார். "நாற்பது போடுங்கள்" என்றேன். அவர் மிகுந்த சந்தோஷத்துடன், "ரொம்ப தேங்க்ஸ் மேடம், இங்க முப்பத்தெட்டு ரெடியா இருக்குதுங்க, இன்னும் ரெண்டு தேத்திடறோம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நான் கிண்டல் செய்தது அவருக்குப் புரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தவுடன் நம் ஊருக்கு ஒரு ஜுரம் வரும். அந்த ஜுரத்தில் நானும் நன்றாகப் படுத்து எழுந்தவள்தான். கூப்பிட்டுத் திருத்துவதற்குப் பதிலாக இதை எழுதி அனுப்பலாம் என்று தோன்றியது. படித்துவிட்டு, கையில் இருக்கும் முப்பத்தெட்டை என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: திருப்பூரில் நம் பனியன் உற்பத்தியாளர் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அலுவலகச் செயலாளராக ஓய்வு பெற்றவள் நான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் கடுகடு முகம். எனக்கும் கடுகடு முகம்தான் என்பதால் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை. மனு, நினைவூட்டு மனு, அந்த நினைவூட்டு மனுவுக்கு நினைவூட்டு என்று வாழ்நாளில் பாதியை அடித்துத் தீர்த்திருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடுவீர்கள்.

எண்பதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டெல்லியிலிருந்து ஒரு மந்திரி வந்தார். நூல் தட்டுப்பாடு பற்றிச் சங்கத்தில் முறையிட்டார்கள். அவர் டீயைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். கிளம்பும்போது, பார்க்கலாம் என்கிற மாதிரி ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பத்திரிகைகளுக்குச் செய்திக் குறிப்பு அடிக்கும் வேலை என்னுடையது. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குறிப்பும் "ஆவன செய்வதாக உறுதியளித்தார்" என்றுதான் முடிந்திருந்தது. நானும் அப்படியே அடித்தேன். யாரும் என்னை அடிக்கச் சொல்லவில்லை. அடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் "நூல் தட்டுப்பாடு நீங்கும்: மந்திரி உறுதி" என்று வந்தது.

அந்தப் பேப்பரை ஊரை ஒட்டிய மண்ணரையில் என் அக்காள் வீட்டுக்காரர் படித்தார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், பேச்சு மட்டும் கிள்ளி எடுத்த அளவு. இரண்டு நிட்டிங் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் துணி ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தியை நம்பி, வெள்ளகோவில் பக்கம் இருந்த இரண்டு ஏக்கர் காட்டை விற்று, இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டார். நூல் வரவில்லை. வந்த கொஞ்சநஞ்ச நூலும் இரண்டு மெஷினுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. செய்திக் குறிப்பு நான் அடித்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "பேப்பர்ல உன்ற எழுத்து வந்துருந்துச்சுல்ல கண்ணு" என்று பெருமையாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இனி பிரதமர் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. எந்தப் பிரதமர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் டெல்லி நாற்காலியில் ஆட்கள் மாறிய வேகத்துக்கு, நீங்கள் ஊகித்தாலும் தப்பாகத்தான் இருக்கும். தேர்தல் முடிந்து, புதியவர் பதவி ஏற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊரெல்லாம் அவர் போஸ்டர். கழுத்தளவு செண்டுமல்லி மாலை, தோளில் சால்வை, இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு. அவர் ஒரு நிகழ்ச்சிக்குக் கோவை வருகிறார், நம் சங்கத்துக்கு விருந்தினர் மாளிகையில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது.

அப்போது நூல் நிலைமை படுமோசம். மில்களின் நூல் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, உள்ளூரில் கண்ணில் காண முடியவில்லை. மண்ணரையில் தெருத்தெருவாக மெஷின்கள் நின்றன. பகலில் அந்தத் தெருக்களில் நடந்தால் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும். மெஷின் ஓடும் காலத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

மாமாவின் நான்கு மெஷினும் மூன்று வாரமாக நின்றிருந்தன. மூலனூர்க்காரர் ஒருவர் இரண்டு மெஷினை எடுத்துக்கொள்ளத் தயாராக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். நூல் வரும் என்றால் விற்கக் கூடாது. வராது என்றால் ஆள் இருக்கும்போதே விற்றுவிட வேண்டும். தள்ளிப் போட்டால் வாங்க ஆளும் இருக்காது, நான்கும் துருப்பிடிக்கும். அக்காள் எல்லாவற்றையும் புதுப் பிரதமர் தலையில் வைத்துவிட்டாள். பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி, தன் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் விட்டாள். அந்த இடத்தில் எங்கள் அப்பாவுக்கே இடம் கொடுத்ததில்லை.

நானும் கோவை போகிறேன் (அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்) என்று கேட்டதும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஏங்கண்ணு, பெரிய எடத்துல போயி நீங்க வளவளன்னு பேசுவீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா. நூலு வருமா, வராதா. ஆமாவோ இல்லையோ, எதுன்னாலுஞ் செரி. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"அவரு நாட்டுக்கே பிரதமரு அக்கா. மண்ணரைக்கு மட்டும் பதில் சொல்லுவாரா?"

"மண்ணர நாட்டுக்கு வெளியவா இருக்குது?" என்றாள்.

சங்கத்தில் மனு ஏழு கோரிக்கையுடன் ஆரம்பித்தது. நான்கு நாளில் முப்பத்தொன்று ஆனது. ஒவ்வோர் உறுப்பினரும் ஆபீஸ் படியேறி வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார். ஏற்றுமதிக் கோட்டா, ரயில்வே மேம்பாலம், புது டெலிபோன் இணைப்பு, ரயில் இன்னும் இரண்டு நிமிடம் நின்று போவது, தபால்காரர் இரண்டு தடவை வருவது. இருபத்தொன்பதாவது கோரிக்கை கொசு. பிரதமர் கொசுவை என்ன செய்வார் என்று தலைவரிடம் கேட்டேன். அப்போதைய நம் சங்கத் தலைவர் ஓர் ஏற்றுமதியாளர். நல்ல மனசு, பெரிய குரல், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். "போடுங்கம்மிணி. போட்டா என்ன கொறஞ்சா போயிருது? சொன்னவுரு மனசு நோகப்படாதில்ல" என்றார். கொசுவையும் அடித்தேன். டைப்ரைட்டரில்தான்.

வெறுங்கையோடு பிரதமரைப் பார்க்கப் போவதா என்று அடுத்த பிரச்சினை கிளம்பியது. சால்வை எல்லோரும் போடுவார்கள். திருப்பூர்க்காரர்கள் பனியன்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கை வைத்ததா, கை இல்லாததா என்று ஒரு முழு மாலை விவாதம் நடந்தது. வடக்கத்தி ஆள், ஜிப்பாவுக்குள் போடுவார், கை இல்லாததே போதும் என்றார் ஒருவர். குளிர் ஊரில் கை இல்லாமல் எப்படி என்றார் இன்னொருவர். ஓட்டெடுப்பு நடத்தியதில் கை வைத்ததே ஜெயித்தது. அந்த வருடம் நான் பார்த்த தேர்தல்களில் அதுதான் அமைதியாக நடந்தது.

அப்புறம் சைஸ். தலைவர் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரை அழைத்து வந்தார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மார்பளவைச் சொல்லிவிடுவார். டேப்பை எடுத்தால் தனக்கு அவமானம் என்று நினைக்கிற மனிதர். போஸ்டரைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவர் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"தொண்ணூத்தஞ்சுக்குள்ள இந்தாளு அடங்க மாட்டாருங்க" என்றார். "நூறு."

"டெல்லிக்குப் போன் பண்ணி ஒரு வார்த்த கேட்டுட்டா என்னங்க?" என்றேன்.

"எதுக்கும்மிணி? நாடே இந்தாளத்தான் நம்பிக் கெடக்குது. எண்பத்தஞ்சு சைஸ்லயா இருப்பாரு?" என்றார். எல்லோரும் சிரித்து ஆமோதித்தார்கள். நானும்தான். நல்ல நூலில், நல்ல தையலில், நூறு சைஸில் ஒரு கை வைத்த பனியன் தயாரானது. மடித்து, மடிப்புக்குள் வழக்கமான வெள்ளை அட்டையை வைத்து, ஜரிகைத்தாள் ஒட்டிய பெட்டியில் போட்டார்கள்.

போவதற்கு மூன்று பேருக்குத்தான் அனுமதி. தலைவர் ஒருவர். நூல்கடை பாய் ஒருவர். மூன்று தலைமுறையாக நூல் விற்கும் குடும்பம், அப்போது கடையில் விற்க நூல் இல்லாமல் தினமும் கடையைத் திறந்து வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இடத்துக்குப் பதினெட்டுப் பேர் போட்டி போட்டார்கள். யாரைச் சேர்த்தாலும் பதினேழு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் என் பெயரை எழுதிவிட்டார்கள். என் திறமைக்காக என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, உண்மையைச் சொல்லலாம்.

விருந்தினர் மாளிகை வாசலில் என் கைப்பை, நோட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு கூடம். அங்கே எங்களுக்கு முன்னால் வந்த சங்கங்கள், ஊர்கள், சாதிகள், பள்ளிக்கூடங்கள் எல்லோருடைய மனுக்களும் சுவரோரமாகக் குவிந்து கிடந்தன. நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டுவார்களே, அதே மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார். பதினொரு பக்கத்தில் நான் பார்த்துப் பார்த்து அடித்த மனுவை வாங்கினார், பிரித்துக்கூடப் பார்க்காமல் மூட்டைக்காரர்களிடம் நீட்டினார்.

"இது ஃபைலுக்குப் போயிடும். நேர்ல ஒரே ஒரு விஷயம்தான். அஞ்சு நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷம். காலைலேர்ந்து அவர் சாப்பிடக்கூட இல்ல. எதுன்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைவரின் பெரிய குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை. "முப்பத்தொண்ணுல ஒண்ணா? எதச் சொன்னாலும் முப்பது பேரு என்னயத் தின்னுருவாங்களே" என்று கையைப் பிசைந்தார். பிறகு, "கோட்டான்னு சொல்லிரலாம். ஏத்துமதிதானுங்க ஊருக்குப் பேரு" என்றார்.

பாய் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, கோட்டா வாங்கித் துணிய அனுப்பறதுக்கு மொதல்ல துணி வேணுமில்லீங்களா?"

அந்த நேரம் பாதுகாப்புக்காரர் பனியன் பெட்டியைத் திறந்தார். பனியனை உதறினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உள்ளே இருந்த அட்டையை உருவி மேசையில் போட்டார். அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. தலைவரின் சட்டைப் பையில் பேனா இருந்தது. கேட்காமலே எடுத்தேன்.

இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிடம் நான் ஊரை நினைத்தேனா, அக்காளை நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காதில் கேட்டது அக்காள் குரல்தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். நூல் இல்லாமல் எங்கள் மெஷின்கள் நிற்கின்றன. நூல் வெளிநாட்டுக்குப் போவதை ஆறு மாதத்துக்குக் குறைக்க முடியுமா, முடியாதா. எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். மூன்று வரி. தலைவரிடம் காட்டினேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அட்டையைப் பனியனுக்குள் வைத்து மறுபடி மடித்தேன்.

கதவு திறந்தது. உள்ளே போனோம். ஒரு பெரிய சோபாவின் மூலையில் ஒரு சின்ன மனிதர் உட்கார்ந்திருந்தார். பிரதமர் எப்போது வருவார் என்று தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். நான் அவர் முழங்கையை இடித்து, அவர்தான் என்று கண்ணைக் காட்டினேன். போஸ்டரில் பார்த்ததில் பாதிதான் இருந்தார். மாலையும் சால்வையும் எடுத்துவிட்டால் மிச்சம் அவ்வளவுதான். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் ஆறிப்போன இட்லி.

தலைவர் பெட்டியை நீட்டினார். பிரதமர் பிரித்தார், பனியனை எடுத்துத் தன் மார்போடு வைத்துப் பார்த்தார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. அடிப்பக்கம் முழங்காலைத் தொட்டது. அறையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரதமர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "போன இடமெல்லாம் எனக்கு இந்த அளவில்தான் தைத்து வைத்திருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அட்டை கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார். படித்தார். சிரிப்பு நின்றது. திருப்பி, மறுபக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மறுபக்கத்தில் கம்பெனி முத்திரை மட்டும் இருந்தது.

"வேறொன்றும் இல்லையா?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றேன், தமிழில். அவருக்கு அது புரிந்தது.

பிறகு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் மனசில் வைத்திருக்கிறேன். "ஆமாம் என்று இப்போதே சொன்னால் நீங்கள் சந்தோஷமாகப் போவீர்கள். நாளைக்கு நூல் மில்காரர்கள் இதற்கு நேர் எதிரானதைக் கேட்க வருகிறார்கள். அவர்களும் சந்தோஷமாகத்தான் போக வேண்டும். அவர்களுக்குப் பிறகு பருத்தி விவசாயிகள். எனக்கு இன்னும் ஃபைல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்றே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு பத்து நாளில் பதில் எழுதுகிறேன். இல்லை என்றும் இருக்கலாம்." அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பனியனை மட்டும் மடித்துத் தலைவர் கையில் கொடுத்து, "எண்பத்தைந்து இருந்தால் அனுப்புங்கள், கட்டாயம் போடுகிறேன்" என்றார்.

அவினாசி ரோட்டில் கார் திரும்பியதும் தலைவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"அம்மிணி, போனதும் பேப்பர்க்காரங்களுக்கு அடிச்சுருங்க. நூல் பிரச்சனையத் தீக்கறதா பிரதமர் உறுதியளித்தார்."

"அவரு அப்படிச் சொல்லலீங்களே."

"பாக்கறேன்னாருல்ல? பிரதமரு பாத்தா ஆகாதா? ஊரே வாசல்ல நிக்கும். பத்து நாள்ல இல்லைன்னும் வரலாம்னு சொல்லிட்டாருன்னு போயிச் சொல்றதுக்கா நாம காரு வெச்சுப் போனோம்? எல்லாச் சங்கமும் உறுதியளித்தார்னுதான் போடும். நம்ம மட்டும் இளப்பமாப் போயிருவோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படித்தான் எல்லோரும் போடுவார்கள். ஒரு வார்த்தைதான். என் விரல் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கும் வார்த்தை. ஆனால் எனக்கு மாமா விற்ற காடு ஞாபகம் வந்தது. அந்த வார்த்தையை அடித்தால் அக்காள் மூலனூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அக்காள் மட்டுமல்ல, மண்ணரையில் எத்தனை வீடு. "அந்த வார்த்தைய அடிச்சா என் கை வெளங்காமப் போயிருமுங்க. வேற யாரையாச்சும் வெச்சு அடிச்சுக்கோங்க" என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் முன் சீட்டிலிருந்து, "அந்தப் புள்ள சொல்றது செரிதானுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

நான் அடித்த குறிப்பு இதுதான்: நூல் ஏற்றுமதியைக் குறைக்க முடியுமா என்பதற்குப் பத்து நாளில் பதில் அளிப்பதாகப் பிரதமர் கூறினார், பதில் சாதகமாகவே இருக்கும் என்று அவர் கூறவில்லை. மறுநாள் பேப்பரில் அன்று பிரதமரைப் பார்த்த மற்ற எல்லாச் சங்கங்களுக்கும் உறுதி கிடைத்திருந்தது, பெரிய எழுத்தில். எங்கள் செய்தி மாட்டுச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி. உறுப்பினர்கள் வரிசையாக வந்து திட்டினார்கள். கொசுக்காரர் உள்பட. தலைவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் டீ வாங்கி வரச் சொல்லி, ஒரு டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. ஒரே பக்கம். இந்த ஆண்டு இயலாது, காரணம் இன்னது என்று. கீழே அவருடைய கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு அன்று மாலை மண்ணரைக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். அக்காள் முழுவதையும் கேட்டாள். ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். மாமாவைப் பார்த்து, "மூலனூர்க்காரருக்குச் சொல்லிருங்க, வந்து எடுத்துக்கட்டும்" என்றாள். மாமா இரண்டு மெஷினுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தனுப்பினார். வாங்குகிறவனிடம் அழுக்காகக் கொடுக்கக் கூடாதாம். எந்த இரண்டு என்று கேட்டேன். காட்டை விற்று வாங்கிய இரண்டும்தான். மீதி இரண்டும் பாய் தேடிப் பிடித்துக் கொடுத்த நூலில் எப்படியோ ஓடின.

நான் பெரிதாகச் சாதித்துவிட்டேன் என்று கைதட்டிவிடாதீர்கள். அடுத்த வருடம் நூல் தானாகவே வந்தது. "அந்த ரெண்டும் இருந்திருந்தா இப்ப நாலும் ஓடும்" என்று அக்காள் ஒரு நாள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, "அப்ப வித்தது தெரிஞ்சு வித்தது கண்ணு. காட்ட வித்தது தெரியாம வித்தது" என்றாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரதமர் படத்தை அவள் எடுக்கவே இல்லை. அவர் பதவியை விட்டுப் போன பிறகும் எடுக்கவில்லை. எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "கேட்டதுக்குப் பதில் போட்டாருல்ல" என்றாள்.

பதவியை விட்டுப் போனார் என்றேனே. எண்பத்தைந்து சைஸில் ஒரு பனியன் தைத்து, பார்சல் கட்டி, தபாலில் சேர்ப்பதற்குள் டெல்லியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. அவர் வீட்டு முகவரி தேடி அனுப்பினோம். போட்டாரா என்று தெரியாது. சங்கத்தில் மறுபடியும் ஜுரம் வந்தது, அடுத்தவருக்கு மனு தயாரானது. இந்தத் தடவை தலைவரே சொன்னார்: "அம்மிணி, ஒண்ணு போதும். கொசு வேண்டாம்."

அந்த நூறு சைஸ் பனியன் ஆபீஸ் பீரோவில் கிடந்தது. யாருக்கும் சேரவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதை எடுத்துப்போய் மாமாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் போட்டார். தோள் தோளில் நின்றது, கை கையில் நின்றது, அளவெடுத்துத் தைத்ததுபோல. அதையே போட்டுக்கொண்டு அந்த இரண்டு மெஷினையும் வருடக்கணக்கில் ஓட்டினார்.

நான் மண்ணரைக்குப் போயிருந்த ஒரு நாள், துணி வாங்க வந்த கட்டிங் மாஸ்டர் மாமாவைப் பார்த்துவிட்டார். சுற்றி வந்து, ஒரு கண்ணை மூடி, முன்னும் பின்னும் பார்த்தார். அந்த நூறு விஷயத்தில் ஊரே மாஸ்டரைக் கேலி செய்து முடித்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று சொன்னார்.

"பாத்தீங்களாம்மிணி? நான் போட்ட அளவு தப்பே இல்லீங்க. நாமதான் ஆள மாத்திப் போட்டுட்டோம்."